கல்லு காஞ்சிருச்சா பாரு

போன வருஷம் ஆவணி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எங்கம்மா வாசல்ல கோலம் போட்டுக்கிட்டே உள்ள பாத்து ஒரு குரல் குடுத்தாங்க. "கண்ணு, கல்லு காஞ்சிருச்சா பாரு."

அடுப்புல தோசைக்கல்லு. பக்கத்துல நின்னது என் தம்பி பொண்டாட்டி. கல்யாணம் ஆகி அப்ப நாலு மாசம்தான். சொந்த ஊரு ஜார்கண்ட், வீட்டு பாஷை இந்தி, பெங்களூர்ல ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல வேலை பாத்து பழகி ரெண்டு வீட்லயும் ஒத்துக்கிட்டு நடந்த கல்யாணம், அப்புறம் வீட்ல இருந்தே வேலைன்னு ஆனதால சேலத்துக்கே வந்துட்டாங்க, அம்மாபேட்டைல எங்க அம்மா வீட்லதான் இருக்காங்க. நான் அஸ்தம்பட்டில இருக்கேன், ஞாயித்துக்கிழமைன்னா அங்க போயிருவேன், அன்னைக்கும் அங்கதான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்தப் பொண்ணு "சரி அத்தை"ன்னு சொல்லிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல, நேரா பின்கட்டுக்கு போனா. அங்க முந்தின நாள் சாயங்காலம் அம்மா கழுவி விட்ட ஆட்டுக்கல்லு இருக்கு. குனிஞ்சு அத உள்ளங்கையால தடவிப் பாத்தா, குழிக்குள்ள விரல விட்டு பாத்தா, ஈரம் இல்ல. திரும்பி வந்து சந்தோஷமா "காஞ்சிருச்சு அத்தை!"ன்னு சொன்னா. அதுக்குள்ள தோசைக்கல்லு பொகைய ஆரம்பிச்சிருச்சு, அவ பதறிப்போய் வெறுங்கையால அத எறக்கப் போயி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுட்டுக்கிச்சு.

அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு இதே யோசனை. நான் தமிழ் டீச்சர், பதினாலு வருஷமா பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்கறேன், ஆனா "கல்லு காஞ்சிருச்சா"ங்கற ரெண்டே வார்த்தைக்குள்ள இவ்ளோ பெரிய பள்ளம் இருக்குன்னு ஒரு நாளும் தோணினது கிடையாது. அவ பண்ணதுல தப்பே இல்லைங்க. கல்லுன்னா என்னன்னு அவளுக்கு தெரியும், அரிசில கல்லு பொறுக்கி இருக்கா, ஆட்டுக்கல்லு பாத்திருக்கா. காயுறதுன்னா என்னன்னும் தெரியும், தெனமும் "துணி காஞ்சிருச்சா பாரு"ன்னு கேக்கற வீடு. ரெண்டு வார்த்தைக்கும் தனக்கு தெரிஞ்ச அர்த்தத்த ஒழுங்கா சேத்து வச்சு, போய் ஒழுங்கா பாத்து, ஒழுங்கா பதில் சொன்னா. நம்ம கேட்ட கேள்விதான் வேற.

அவகிட்ட ஒரு நோட்டு இருக்கு, நீல அட்டை போட்ட நாப்பது பக்க நோட்டு. நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு, இடது பக்கம் தமிழ் வார்த்தைய இந்தி எழுத்துல எழுதி இருப்பா, வலது பக்கம் அதுக்கு இந்தி அர்த்தம். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம். போடு - டால்னா. பாரு - தேக்னா. எடு - லேனா. நான் மொதல்ல அத பாத்தப்ப எவ்ளோ அழகா வச்சிருக்கான்னுதான் நெனச்சேன், தோசைக்கல்லு விஷயத்துக்கு அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த நடுக்கோடுதான் அவள மாட்டி விடுதுன்னு.

ஏன்னா மொதல்ல படிச்ச அர்த்தம்தான் வாசப்படில குந்திக்கும், பின்னாடி வர்ற அர்த்தத்த உள்ள விடாது. போடுன்னா கீழ போடறதுன்னு ஒரு தடவ மனசுல பதிஞ்சிருச்சுன்னா, அப்புறம் சட்டை போடு, காப்பி போடு, கோலம் போடு, சண்டை போடு, ஊசி போடு, கையெழுத்து போடு, ஓட்டு போடு, ஆடு குட்டி போட்டுச்சு, "நாலு பேருக்கு சாப்பாடு போட்டவன்", இது ஒவ்வொண்ணும் அவளுக்கு ஒரு புது அதிர்ச்சி. இதுல கொடுமை என்னன்னா, ஜார்ஜ் ஸிப்ஃப்னு ஒரு அமெரிக்க அறிஞர் 1945லயே ஒரு விஷயம் எழுதினார், ஒரு பாஷைல எந்த வார்த்தை அதிகமா பொழங்குதோ அதுக்குத்தான் அர்த்தமும் அதிகமா இருக்கும்னு. யோசிச்சுப் பாருங்க, புதுசா பாஷை கத்துக்கறவங்களுக்கு நம்ம மொதல்ல சொல்லிக் குடுக்கறது எது, அதிகமா பொழங்கற வார்த்தைதான, போடு, எடு, விடு, பிடி, அடி, பாரு. அதாவது இருக்கறதுலயே கஷ்டமானத சுலபம்னு சொல்லி மொத நாளே கையில குடுக்கறோம். ரயில் நிலையம், மருத்துவமனை மாதிரி நீளமான வார்த்தையில அவ ஒரு நாளும் தடுமாறினதில்ல. "பாரு"ல தடுமாறினா. படம் பாரு, வேலை பாரு, பொண்ணு பாக்க வந்தாங்க, டாக்டர பாத்தியா, பாத்து போ, சாப்ட்டு பாரு.

நம்மளுக்கு ஏன் இந்த தடுமாற்றம் வர்றதில்லன்னு தேடினேன். 1979ல டேவிட் ஸ்வின்னின்னு ஒருத்தர் பண்ண சோதனை ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல பக்னு சொன்னா பூச்சி, ஒட்டுக்கேக்கற கருவிக்கும் அதே பேருதான். சிலந்தி, கரப்பான்னு பூச்சியப் பத்தியே பேசற ஒரு வாக்கியத்துல அந்த வார்த்தைய போட்டு காதுல கேக்க விட்டுட்டு, அந்த நொடியே திரைல ஒரு வார்த்தைய காட்டுவாங்க, அது நெஜ வார்த்தையான்னு சொல்லணும். பூச்சி சம்பந்தப்பட்ட வார்த்தையயும் சீக்கிரமா சொன்னாங்க, உளவு சம்பந்தப்பட்ட வார்த்தையயும் சீக்கிரமா சொன்னாங்க. மூணு அசை தள்ளி காட்டினா பூச்சி மட்டும்தான் நிக்குது, உளவு காணாம போயிருது. அதாவது தாய்மொழிக்காரனுக்கு ரெண்டு அர்த்தமும் எந்திரிச்சு வருது, வேண்டாதது கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள உக்காந்துக்குது, எந்திரிச்சதே அவனுக்கு தெரியாது. எங்கம்மாவுக்கு கல்லுன்னா பத்து கல்லும் எந்திரிச்சு, அடுப்பு நேரம்ங்கறதால ஒம்போது கல்லு உக்காந்துருது. தம்பி பொண்டாட்டிக்கு எந்திரிக்கறதுக்கே ஒரு கல்லுதான் இருந்துச்சு.

இன்னொண்ணும் எந்திரிச்சிருக்கு, அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இந்தில கல்னா நேத்து. கல்னா நாளைக்கும் அதுதான்! ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, வினைச்சொல்ல வச்சுத்தான் போன நாளா வர்ற நாளான்னு கண்டுபிடிக்கணும். வந்த புதுசுல எங்க வீட்ல யாரு கல்லுன்னு சொன்னாலும் அரை நொடி அவளுக்கு நேத்தா நாளைக்கான்னு தோணிட்டுத்தான் கல்லு ஞாபகம் வருமாம். இதையும் சோதிச்சு பாத்திருக்காங்க, 1999ல ஸ்பைவி, மரியன்னு ரெண்டு பேரு. ரஷ்யாவுல பொறந்து இங்கிலீஷும் பேசறவங்க முன்னாடி சில பொருள வச்சு, ரஷ்ய மொழில ஸ்டாம்ப நகத்துன்னு சொன்னாங்க. ஸ்டாம்புக்கு ரஷ்ய மொழில மார்க்கான்னு பேரு, பக்கத்துல ஒரு மார்க்கர் பேனாவும் இருந்துச்சு. பேச்சு முழுக்க ரஷ்ய மொழிலதான், ஆனாலும் அவங்க கண்ணு அந்த மார்க்கர் பேனா பக்கம் ஒரு தடவ போயிட்டு வந்துச்சாம். ரெண்டு பாஷை தெரிஞ்சவங்க தலைக்குள்ள எந்த பாஷையும் முழுசா தூங்கறதில்ல.

கல்லுக்கு நேர் எதிரான கஷ்டமும் இதே வார்த்தையால வந்துச்சு. இந்தில ஒண்ணா இருக்கறது தமிழ்ல நேத்து, நாளைக்குன்னு ரெண்டா பிரியுது, அதனால அவ ரொம்ப நாளைக்கு "நேத்து ஏற்காடு போலாமா அண்ணி?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. தன் பாஷைல ஒண்ணா இருக்கறது இன்னொரு பாஷைல ரெண்டா உடைஞ்சா அத கத்துக்க நாளாகும். நான் இந்தி கத்துக்க ஆரம்பிச்சப்ப இது எனக்கே நல்லா தெரிஞ்சுது. ஆமாங்க, நானும் ஆரம்பிச்சேன், அவ மட்டும் கஷ்டப்படறத பாத்துக்கிட்டு இருக்க முடியல. சோனான்னா தங்கம், சோனான்னா தூங்கறது. ஹார்னா மாலை, ஹார்னா தோல்வி. உத்தர்னா வடக்கு, உத்தர்னா பதிலும்கூட. அவங்கம்மா போன்ல "சோனா ஹை"ன்னு ஏதோ சொன்னப்ப நான் நகையப் பத்தி பேசறாங்கன்னு உக்காந்து கேட்டேன், அவங்க பாவம் தூக்கம் வருது, போன வைக்கறேன்னு சொல்லி இருக்காங்க.

இந்த இடத்துல நான் பாடம் நடத்தற ஆளுங்கறதால ஒண்ணு சொல்லியே ஆகணும். தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கற இயல்ல பலபொருள் ஒருசொல்லுன்னு இதுக்கு தனியா நூற்பாவே இருக்கு. அத ரெண்டா பிரிக்கறார், வினைச்சொல்லால வேறுபடறது ஒண்ணு, வேறுபடாதது ஒண்ணு. மா பூத்துச்சுன்னா அது மாமரம்தான், குதிரை பூக்காது. ஆனா மா விழுந்துச்சுன்னு சொன்னா மரமா, குதிரையா, வேற மிருகமா, வினைய வச்சு சொல்ல முடியாது. பொருள் எப்படி தெளிவாகும்னும் சொல்றார், வினை, இனம், சார்பு. உரைகாரங்க சார்புக்கு குடுக்கற உதாரணம் எனக்கு ரொம்ப பிடிக்கும், கவசம் போட்டுக்கிட்டு நிக்கறவன் மாவ கொண்டான்னு சொன்னா அது குதிரைதான். எந்த பரிசோதனைக்கூடமும் இல்லாம எவ்ளோ கூர்மையா கவனிச்சிருக்காங்க! வருஷா வருஷம் மல்கோவா, இமாம் பசந்துன்னு மாம்பழம் வந்து எறங்கற இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு இத நான் எத்தனையோ தடவ நடத்தி இருக்கேன், ஆனா எப்பவும் தமிழ் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு. தெரியாத ஒருத்தி பக்கத்துல வந்து நின்னப்பதான் அதுல ஒரு கண்டிஷன் இருக்கறது உறைச்சுது. வினை உதவி பண்ணும், சரி, ஆனா அந்த வினையே அவளுக்கு ஒரு அர்த்தத்துலதான் தெரியும்னா? கல்லுக்கு துணை காய், காய்க்கு துணை கல்லு, ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாம கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தா ரெண்டும் சேந்து ஆட்டுக்கல்லுல போயி முட்டும்.

ஆனா எல்லாமே கஷ்டம்னு சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை செவ்வாய்பேட்டைக்கு அவளுக்கு கொலுசு வாங்கப் போனோம், பஸ்ல நான் சும்மா சொன்னேன், இன்னைக்கு வெள்ளி, வாங்கப் போறதும் வெள்ளி, வானத்துல தெரியற சுக்கிரனும் வெள்ளின்னு. பயந்துக்கிட்டேதான் சொன்னேன். அவ "ஆமா அண்ணி, எங்களுக்கும் சுக்ர்தான் கிரகம், சுக்ரவார்தான் கிழமை"ன்னா. மங்கள், மங்கள்வார்னு செவ்வாய அவளே சொன்னா, சோம், சோம்வார்னு திங்கள சொன்னா. வெள்ளை நெறத்துல இருந்து வெள்ளி வந்துச்சுன்னு சொன்னதும் உலோகமும் வந்து அதுல ஒட்டிக்கிச்சு. தன் பாஷைலயும் அதே முடிச்சு இருந்தா ஒரு நொடில பிடிச்சுக்கறாங்க. ஜியாங்னு ஒருத்தர் சீனாக்காரங்கள வச்சு பண்ண ஆராய்ச்சியும் இதத்தான் சொல்லுது, இங்கிலீஷ்ல கேள்வி வேற, பிரச்சனை வேற, சீன மொழில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, அதனால இங்கிலீஷ நல்லா பேசற சீனாக்காரங்களுக்குக்கூட அந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையும் பக்கத்து பக்கத்து வீடு மாதிரி நெருக்கமா தெரியுதாம். புது பாஷையோட வார்த்தைக்குள்ள ரொம்ப காலத்துக்கு பழைய பாஷையோட அர்த்தம்தான் குடி இருக்கும்.

மாமாங்கற வார்த்தைதான் பாவம் அவள ரொம்ப படுத்திருச்சு. இந்தில மாமான்னா அம்மாகூடப் பொறந்தவர், அவ்ளோதான். இங்க மாமனாரும் மாமா. எதிர்வீட்டு அக்கா புருஷன "மாமா, இங்க வாங்க"ன்னு கூப்புடறத கேட்டுட்டு அன்னைக்கு அவ மொகமே ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் உக்காந்து சொன்னேன், நம்ம பக்கம் அத்தை மகன், மாமன் மகன், சில வீட்ல தாய்மாமனையே கட்டிக்கற வழக்கம் இருந்துச்சு, அதனால மாமா, மாமனார், புருஷன், அத்தை, மாமியார் எல்லாரும் ஒரே உறவு வட்டத்துக்குள்ள வர்றாங்க, வார்த்தை அந்த வட்டத்துக்குத்தான் பேரு, ஆளுக்கு இல்லன்னு. அப்பதான் என்னைய ஏன் அண்ணின்னு கூப்புட சொன்னாங்கன்னும் புரிஞ்சுதாம், அவ நோட்டுல அண்ணி - பாபி, அதாவது அண்ணன் பொண்டாட்டின்னு மட்டும் இருந்துச்சு, புருஷனோட அக்கா எப்படி பாபி ஆவாங்கன்னு நாலு மாசமா குழப்பத்தோடயே கூப்ட்டுக்கிட்டு இருந்திருக்கா. கேக்கவும் கூச்சம்.

அந்த கூச்சம் எங்களால வந்தது. அத எழுதணும்னுதான் இந்த பதிவையே ஆரம்பிச்சேன்.

விரல் சுட்டு ஒரு வாரம் இருக்கும், சாயங்காலம் வீட்ல சொந்தக்காரங்க நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. பெரியம்மா அக்கறையா கேட்டாங்க, "என்ன கண்ணு, ஆறிருச்சா?" அவ நிமுந்து செவுத்து கடிகாரத்த பாத்துட்டு "இன்னும் இல்ல பெரிம்மா, அஞ்சு அம்பது"ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். ஆறிருச்சாவுக்கும் ஆறாயிருச்சாவுக்கும் காதுல எவ்ளோ வித்தியாசம் இருக்கு சொல்லுங்க? அவளுக்கு தெரிஞ்ச ஆறு, எண்ணு ஆறு. நம்ம ஊர்ல ஓடற திருமணிமுத்தாறு வழியா ஓடற ஆறும் கொஞ்சம் தெரியும். புண்ணு ஆறறது எங்க தெரியும்? அதே வாரத்துலதான் பக்கத்து வீட்டு பையன் அப்பாகிட்ட அடி சாப்ட்டான்னு சொல்லி அதுக்கும் ஒரு சிரிப்பு வாங்கி இருந்தா. இந்தில அடிய திம்பாங்க, மார் கானான்னு, நம்ம வாங்குவோம், அவ்ளோதான் விஷயம்.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் அவ தமிழ் சுருங்கிப் போச்சு. பேசாம இல்ல, பேசினா, ஆனா பத்திரமான வார்த்தையா பாத்து பேசினா. "காப்பி போடறேன்"னு அழகா சொல்லிக்கிட்டு இருந்தவ "காப்பி தயார் பண்றேன்"னு சொல்ல ஆரம்பிச்சா. போடுவ தொடவே இல்ல. இதையும் ஒருத்தர் கவனிச்சிருக்கார், எரிக் கெல்லர்மன்னு, 1970கள் கடைசில. டச்சு மொழில உடைக்கறதுக்கு இருக்கற வார்த்தையும் இங்கிலீஷ் பிரேக்கும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி, ஒரே மாதிரி பொழங்கும். டச்சு மாணவர்கள்கிட்ட 17 வாக்கியம் குடுத்து இதெல்லாம் இங்கிலீஷ்லயும் அதே வார்த்தையால சொல்ல முடியுமான்னு கேட்டார். கால் உடைஞ்சுது, சரின்னாங்க. எதிர்ப்ப உடைச்சாங்க, வேலைநிறுத்தத்த உடைச்சாங்க மாதிரி இருக்கறதுக்கு பெரும்பாலானவங்க தலையாட்டல, இங்கிலீஷ்ல நெஜமாவே அப்படி சொல்வாங்கன்னாலும்கூட. நடுமையமான அர்த்தத்த மட்டும் தைரியமா எடுத்துட்டு போறாங்க, ஓரத்துல இருக்கறத விட்டுட்டுப் போறாங்க. தம்பி பொண்டாட்டியும் அப்படித்தான், இந்தில மூளைய திங்காதன்னு சொல்வாங்க, நம்மளும் அச்சு அசலா "என் மூளைய திங்காத"ன்னுதான் சொல்றோம், ஆனா அடி சாப்ட்டதுக்கு சிரிப்பு வாங்கினவளுக்கு அத தமிழ்ல சொல்ல தைரியம் வரல. ஒரு தடவ சிரிச்சா அவங்க விடறது அந்த ஒரு வார்த்தைய மட்டும் இல்லைங்க, அது மாதிரி இருக்கற எல்லாத்தையும் விட்டுருவாங்க. பெரியவங்ககிட்ட நான் தனித்தனியா போய் சொன்னேன், இனிமே அந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் சிரிக்கக்கூடாதுன்னு. எங்க பெரியம்மா மட்டும் அன்னைக்கே அவ கையப் பிடிச்சு, சுட்ட விரல தொட்டு காட்டி, "இது, இது ஆறிருச்சா?"ன்னு மறுபடி கேட்டாங்க.

அப்புறம் நோட்டு மாறிச்சு. நடுக்கோட்ட எடுத்துட்டோம். ஒரு பக்கத்துக்கு ஒரே வார்த்தை, நடுவுல எழுதி சுத்தி எத்தனை எடம் இருக்கோ அத்தனை எடம். காய்க்கு ஒரு பக்கம். துணி காயுது, கல்லு காயுது, ஒடம்பு காய்ச்சலா காயுது, வயிறு காயுது, நிலா காயுது. எழுத எழுத எனக்கே ஒண்ணு புலப்பட்டுச்சு. இதெல்லாம் தனித்தனி அர்த்தம் இல்ல, எல்லாத்துலயும் ஒரு சூடோ வெளிச்சமோ மேல வந்து படுது. துணி மேல பட்டா ஈரம் போகுது, கல்லு மேல பட்டா தோசைக்கு பதம் வருது. காய்கறி காய் மட்டும் ஒட்டல, அத அடுத்த பக்கத்துல தனியா வச்சோம். அடுத்தது ஆறு. காப்பி ஆறுது, சோறு ஆறுது, புண்ணு ஆறுது, கோவம் ஆறுது. இது காய்க்கு நேர் எதிர், சூடு எறங்குது. புண்ணுலயும் ஒரு எரிச்சல் இருக்குல்ல, அது எறங்குது. எண்ணு ஆறும் தண்ணி ஆறும் இதுல சேராது, அதுக்கு தனித்தனி பக்கம், சேராதத சேராதுன்னு சொல்லிடறதும் முக்கியம்னு அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். சேர்ற அர்த்தங்களுக்கு ஒரு நூலு இருக்கும், அத காட்டிட்டா மனப்பாடம் பண்ண வேண்டியது பாதியா கொறையுது.

நூலுன்னு சொன்னதும் அப்பா ஞாபகம் வருது. அப்பா தறிக்காரர், இப்ப கண்ணு சரியா தெரியாததால தறில உக்காரறதில்ல, ஆனா பாவு, ஊடைன்னு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். நூலுன்னா புஸ்தகமும்தான்னு நான் அவளுக்கு சொல்லிக்கிட்டு இருந்தேன், நன்னூல்ல பவணந்தி முனிவர் சொல்றத எடுத்து சொன்னேன், சொல்லுதான் பஞ்சு, புலவன் நூக்கறவன், அவன் வாய்தான் கை, அறிவுதான் கதிர், அப்படி வந்ததுதான் நூலுன்னு. அப்பா கேட்டுக்கிட்டு இருந்துட்டு எந்திரிச்சுப் போயி ஒரு கண்டு நூல எடுத்துட்டு வந்து அவ விரல்ல ஒரு இழைய சுத்தி இழுத்து காட்டினார், "பிரிச்சா அந்துபோகும் கண்ணு, முறுக்குனா நிக்கும்"னு. அந்த பக்கத்துல ஒரு துண்டு வெள்ளை நூல செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருக்கா இன்னும்.

தை மாசம் எல்லாருமா ஏற்காடு போனோம், எங்க வீட்டுக்காரரோட அத்தை வீடு நாகலூர் பக்கம், கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவுலயும் தலை சுத்தி படுத்தே வந்தா பாவம். அங்க களத்துல காப்பிப் பழம் காயப் போட்டிருந்தாங்க, பாத்ததும் "அண்ணி, பழம் காயுது!"ன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம், காய்தான் பழமாகும்னு படிச்சவளுக்கு பழம் காயறது வேடிக்கையா இருந்திருக்கு. ராத்திரி நல்ல குளிரு. அத்தை வெறக கூட்டி நெருப்பு போட்டுட்டு "வாங்க, குளிர் காயலாம்"னாங்க. நான் அவ மொகத்ததான் பாத்தேன், இது நோட்டுல இல்ல, குளிர எப்படி காய வைப்பாங்கன்னு குழம்புவாளேன்னு. அவ ஒரு நிமிஷம் யோசிச்சா, நெருப்ப பாத்தா, உள்ளங்கைய நீட்டி நெருப்பு பக்கம் காட்டிக்கிட்டே உக்காந்துட்டா. கேக்கவே இல்ல.

மறுநாள் ஒண்ணு நடந்துச்சு. மிளகு பறிக்க வந்த ஒரு பாட்டிய காட்டி அத்தை "இவங்க மலையாளி, நம்ம காட்டுல முப்பது வருஷமா வேலை பாக்கறாங்க"ன்னு சொன்னாங்க. இவ ஆசையா அந்த பாட்டிகிட்ட போயி, பெங்களூர் ரூம்மேட்கிட்ட கத்துக்கிட்ட மலையாளத்துல "சுகமாணோ?"ன்னு கேட்டா. பாட்டி "என்னம்மா சொல்ற?"ன்னு பாத்தாங்க. சேர்வராயன் மலைல இருக்கற மலையாளிங்க கேரளாக்காரங்க இல்ல, மலைய ஆள்றவங்கங்கற பொருள்ல வந்த பேரு, பழங்குடி மக்கள், பேசறது தமிழ்தான், காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு அவங்க வழிவழியா கதை சொல்வாங்க. இத சொன்னப்ப அவ வருத்தப்படல, நோட்ட எடுத்து அங்கயே எழுதினா. தப்பு பண்ணதுக்கு யாரும் சிரிக்காததுதான் காரணம்னு நான் நம்பறேன். சொல்லப்போனா அந்த தப்ப சென்னைல இருந்து வர்ற தமிழ்க்காரங்களே பண்றாங்க.

பங்குனில எங்க பெரியம்மா தவறிட்டாங்க. "ஆறிருச்சா"ன்னு கேட்டாங்களே, அவங்கதான். அம்மாவுக்கு கூடப்பொறந்த ஒரே அக்கா. காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகியும் அம்மா சரியா சாப்புடல, பேசல, சாயங்காலமானா திண்ணைல தனியா போய் உக்காந்துக்குவாங்க. நாங்க எல்லாம் "விடும்மா, வயசாயிருச்சு, கஷ்டப்படாம போயிட்டாங்க"ன்னு சொன்னதத்தான் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருந்தோம்.

ஒரு நாள் நான் உள்ள பாத்திரம் ஒதுக்கிக்கிட்டு இருக்கேன், ஜன்னல் வழியா திண்ணை தெரியும். அவ போயி அம்மா பக்கத்துல நின்னா. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா கேட்டா, "இன்னும் மனசு ஆறலையா அத்தை?"

நோட்டுல அந்த பக்கத்துல மனசு கெடையாது. நான் பாத்துட்டேன் அப்புறமா, காப்பி இருக்கு, சோறு இருக்கு, புண்ணு இருக்கு, கோவம் இருக்கு, மனசு இல்ல.

அம்மாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது, அவங்க வார்த்தைய கவனிக்கவே இல்ல. "எங்க கண்ணு ஆறுது"ன்னு சொல்லிட்டு கொஞ்சம் நகந்து உக்காந்து அவளுக்கு எடம் விட்டாங்க. அவ உக்காந்தா. அம்மா பெரியம்மாவப் பத்தி பேச ஆரம்பிச்சாங்க, சின்ன வயசுல ரெண்டு பேரும் பாவுக்கு கஞ்சி போட்டது, தாவணிக்கு சண்டை போட்டது, வெளக்கு வைக்கற நேரம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாங்க.